தாபரிப்பும் பார்வையும் பண்டமாற்று அல்ல

“புள்ளயக் காட்டாட்டி காசி தரமாட்டன்.” “காசி தராட்டி புள்ளயக் காட்டமாட்டன்.” மணமுறிவுக்குப் பிறகு எமது ஊர்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சுகள் இவை. ஒன்றுக்கொன்று பதில் போலத் தெரிந்தாலும், மார்க்கச் சட்டத்திலும் சரி நாட்டுச் சட்டத்திலும் சரி, இவை வெவ்வேறு விடயங்கள். இரண்டுமே பிள்ளைக்குரியவை. பிள்ளை உம்மாவிடம் இருந்தாலும் தாபரிப்பு வாப்பாவின் கடமைதான்.

இந்தக் குழப்பத்துக்கு எமது நீதிமன்ற அமைப்பும் ஒரு காரணம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி பிள்ளைத் தாபரிப்பை விசாரிப்பவர் காதி. பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குரியது. காதி விதித்த பணம் நிலுவையானால் அறவிடுவது நீதவான் நீதிமன்றம். சட்டத்தரணி, செலவு, தவணை என்று அலைய முடியாதவர்கள் கையிலிருப்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள்: உம்மாவின் கையில் பிள்ளை, வாப்பாவின் கையில் காசு. பிள்ளையைக் கொண்டு உம்மாவையோ வாப்பாவையோ வருத்துவதை அல்பகறா 233ஆம் வசனம் தடுத்திருக்கும்போதுதான் இது நடக்கிறது.

எம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், சிறுவயதில் ஹழானாவுக்கு முதல் உரித்துடையவர் உம்மா; அடுத்து உம்மாவின் உம்மா; அதன் பிறகே வாப்பா. (மறுமணம் செய்தால் உம்மாவின் உரிமை போய்விடும் என்பதை மனனமாக வைத்திருப்போர், அடுத்து வருபவர் உம்மாவின் உம்மா என்பதை ஏனோ சொல்வதில்லை.) ஏறத்தாழ ஏழு வயதில், விபரம் புரியத் தொடங்கியதும், யாரிடம் இருக்க விருப்பம் என்று பிள்ளையிடமே கேட்கப்படும். பிறகு மனம் மாறினால் அதற்கும் இடமுண்டு.

இமாம் நவவியின் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ இன்னும் நுணுக்கமாகப் போகிறது. உம்மாவைத் தெரிவுசெய்த மகன் இரவில் அவரிடம் தங்குவான். பகலில் வாப்பாவிடம் இருப்பான், அவனுடைய படிப்பையும் தொழிலையும் வாப்பா பார்ப்பார். வாப்பாவைத் தெரிவுசெய்தாலோ, அவன் உம்மாவைப் பார்க்கப் போவதை வாப்பா தடுக்கலாகாது. நோயுற்றால் பராமரிக்க உம்மாவே முந்தியவர். ஹிஜ்ரி 7ஆம் நூற்றாண்டு நூல் இது. பிள்ளையைப் பங்கிட்டுப் பார்ப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று சொல்வோர் இதை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரையும், பிரிந்திருக்கும் தாயோடோ தந்தையோடோ ஒழுங்காகத் தொடர்பு வைத்திருப்பதைப் பிள்ளையின் உரிமையாகவே சொல்கிறது. பிள்ளையின் நலனுக்குக் கேடாக அமைந்தாலன்றி. அடித்துத் துன்புறுத்துபவரிடம் பிள்ளையை அனுப்புமாறு எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

ஆகவே இரு தரப்பும் பேசி இணங்கும்போது, “வாப்பா பிள்ளையைப் பார்க்கலாம்” என்று ஒற்றை வரியில் எழுதி எழும்பிவிட வேண்டாம். எந்த நாள், எத்தனை மணி, யார் கூட்டிச் செல்வது, யார் கொண்டுவந்து விடுவது, பாடசாலைச் செலவு யாருடையது, நோன்புப் பெருநாள் எங்கே, ஹஜ்ஜுப் பெருநாள் எங்கே என்று எழுதுங்கள். காசு வங்கிக் கணக்குக்கே போகட்டும். “வாப்பாட்டக் காசி கேளு” என்று பிள்ளையைத் தூது அனுப்பும் வேலை அத்தோடு நின்றுவிடும். வாப்பா கட்டாரிலோ சவூதியிலோ இருந்தால், அவர் கோல் எடுக்கும் நாளும் நேரமும் அதே தாளில் இருக்க வேண்டும்.