இருவாட்சியின் சிறைக்கூடு

தில்லியில் வாழும் தமிழன்பர்கள் லோதி பூங்காவில் உலவுங்கால், வளைந்த பெரிய அலகுடன் சாம்பல் நிறப் பறவையொன்று அத்தி, ஆல மரங்களில் கனி கொய்து திரிவதைக் கண்டிருத்தல் கூடும். அது இருவாட்சிக் குலத்தைச் சேர்ந்தது. அதன் பெரிய உறவினனாகிய மலை இருவாட்சியோ நகரங்களை நாடுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளிலும், இமய மலையடிவாரத்திலும், வடகிழக்குக் காடுகளிலுமே அது வாழ்கின்றது. கேரளமும் அருணாசலப் பிரதேசமும் அதனைத் தத்தம் மாநிலப் பறவையாகக் கொண்டுள்ளன.

அலகின்மேல் மற்றோர் அலகைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற கொண்டை இதற்கு உண்டு. இதனை இருவாய்ச்சி என வழங்குவாரும் உளர். பெருஞ்சுமை போலத் தோன்றினும் அக்கொண்டை பெரும்பாலும் உள்ளீடற்றதே. பறவை வானில் செல்லும்பொழுது அதன் சிறகொலி நெடுந்தொலைவு கேட்கும். பழைய நீராவி ரயில் மூச்சிரைத்து வருகின்றதோ என்று ஐயுறத் தோன்றும்.

எனினும் வியப்பிற்குரியது இதன் இல்லறமே. முட்டையிடும் பருவத்தில் பெண் பறவை மரப்பொந்தினுள் புகுந்து, தன் எச்சத்தையும் கனிச்சதையையும் குழைத்து வாயிலைப் பூசி அடைத்துவிடுகின்றது. அலகு நுழையுமளவு ஓர் இடுக்கு மட்டுமே எஞ்சும். உள்ளே ஒன்று அல்லது இரண்டு முட்டைகள் இட்டு, ஏறக்குறைய 40 நாள் அடைகாக்கும். அக்காலத்தில் அதன் பறக்கும் இறகுகள் உதிர்ந்து புதியன முளைக்கின்றன. ஆதலின் அது தானே விரும்பிப் புகுந்த சிறையாயினும் எளிதில் நீங்கத்தக்கதன்று. ஆண் பறவை அத்திப் பழங்களைத் தொண்டையில் நிரப்பிக் கொணர்ந்து, ஒவ்வொன்றாக வெளிக்கொணர்ந்து இடுக்கின் வழியே ஊட்டும். இடையிடையே ஓணான் முதலிய சிற்றுயிர்களையும் கொணரும். இரண்டு மூன்று திங்கள் கழித்துத் தாய் வெளிப்படும். பிறகு வாயில் மீண்டும் அடைபடும். தாயும் தந்தையும் கூடிக் குஞ்சைப் பேணும். பெரும்பாலும் ஒரு குஞ்சே தேறும்.

இத்தகைய குடும்பத்தில் ஆண் பறவையை ஒரு வேடன் வீழ்த்தினால் நேர்வது என்ன? அடைபட்ட தாயும் குஞ்சும் பசியால் மடிய நேரும். மரத்தை வெட்டினும் கேடுதான். பொந்தைத் தானே குடைந்துகொள்ளும் ஆற்றல் இப்பறவைக்கு இல்லை. கிளை முறிந்து உளுத்த பழமரங்களையே அது நம்பியுள்ளது. அருணாசலத்துப் பக்கே காட்டில், பேலு எனப்படும் நெடுமரமே அதற்கு மிகவும் உவந்த இடம்.

அக்காட்டை அடுத்து வாழும் நியிஷி மக்கள், பிரம்பினால் முடைந்த தலைப்பாகையில் இருவாட்சி அலகைச் சூடுவது தொன்றுதொட்ட வழக்கம். ஆண்மகனுக்கு அது பெருமைச் சின்னம். அவ்வழக்கத்தைக் கைவிடுமாறு கட்டளையிட்டிருந்தால் பயன் விளைந்திருக்குமா என்பது ஐயமே. கண்ணாடி இழையால் வார்த்த போலி அலகு அவர்களுக்கு அளிக்கப்பட்டது. பலர் அதனை ஏற்றுச் சூடலாயினர். 2011ஆம் ஆண்டு, கூடுகளைத் தத்தெடுக்கும் திட்டமும் அங்குத் தொடங்கிற்று. நகரத்து அன்பர்கள் பொருள் உதவ, ஊரார் காவல் புரிகின்றனர். முன்னாள் வேட்டைக்காரர்களும் அக்காவலருள் உளர். மார்ச்சு முதல் மழைக்காலம் வரை அவர்கள் கூட்டுமரங்களை அணுகாது தொலைவில் அமர்ந்து, ஆண் பறவை எப்பொழுது வந்தது, எக்கனி கொணர்ந்தது என்று குறித்து வருகின்றனர்.