மேகசினைக் கழற்றியாச்சு... பிஸ்டல் காலியாகிடுச்சா?

'துப்பாக்கியைச் சுத்தம் செய்தபோது குண்டு பாய்ந்தது' என்ற செய்தியைப் பேப்பரில் படிக்காதவர்கள் இருக்க மாட்டார்கள். படித்ததும் ஒரு சந்தேகம் வரும். சுத்தம் செய்ய உட்கார்ந்தவர் தோட்டாவை எடுக்காமலா இருந்திருப்பார்? பெரும்பாலும் எடுத்திருப்பார். ஆனால், ஒன்றே ஒன்று உள்ளே தங்கியிருக்கும்.

துப்பாக்கி பழகியவர்களுக்குக்கூட விபத்து நடக்கும். 2024 அக்டோபர் 1-ம் தேதி, மும்பையில் நடிகர் கோவிந்தா தன் லைசென்ஸ் ரிவால்வரை எடுத்து வைக்கும்போது குண்டு பாய்ந்து காலில் காயமடைந்தார். அது ரிவால்வர். சிலிண்டரைத் திறந்தால் எத்தனை தோட்டா இருக்கிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் அப்படியில்லை.

ஒளிந்திருக்கும் அந்த ஒரு தோட்டா

பிஸ்டலின் கைப்பிடிக்குள் மேகசின் இருக்கும். தோட்டாக்கள் அதில்தான் அடுக்கியிருக்கும். மேலேயுள்ள ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட்டால், ஒரு தோட்டா மேகசினிலிருந்து கிளம்பி, குழலின் பின்பகுதியான சேம்பருக்குள் போய் உட்காரும். இப்போது மேகசினைக் கழற்றினாலும் அந்தத் தோட்டா வெளியே வராது. பல மாடல்களில் டிரிகரை அழுத்தினால் அது வெடிக்கும்.

எனவே, முதலில் மேகசினை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்லைடை இழுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும்? மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்து விட்டால், சேம்பரிலிருந்த தோட்டா வெளியே வந்து விழும். 'அப்பாடா, காலி' என்று நினைப்போம். ஆனால், மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அந்த இடத்துக்கு ஏறிவிட்டிருக்கும். அதன் பிறகு மேகசினைக் கழற்றி என்ன பயன்?

ஸ்லைடைப் பின்னால் இழுத்து நிறுத்தி, வெளிச்சத்தில் சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள். சுண்டு விரலை விட்டும் தடவிப் பாருங்கள். சர்வதேசத் துப்பாக்கி சுடும் போட்டிகளில் வீரர்கள் சேம்பருக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கொடியைச் செருகி வைப்பார்கள். 'உள்ளே தோட்டா இல்லை' என்று எல்லோருக்கும் காட்டத்தான் அது. ஒலிம்பிக் வீரர்களே வாய்வார்த்தையை நம்புவதில்லை!

யாருக்குக் கிடைக்கும்?

நம் நாட்டில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். 9 எம்.எம் பிஸ்டல் சாதாரண மக்களுக்குத் தடை. அதனால்தான் .32 ரகம் இங்கே பரவலாக இருக்கிறது. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள், பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழையும் கேட்கின்றன. அந்தப் பயிற்சியைக் கடமைக்கு முடிக்காதீர்கள். பிரித்து மாட்டுவதைப் பயிற்சியாளர் முன்னால் நாலைந்து முறை செய்து பாருங்கள்.

பிரிக்கும்போது...

தோட்டாக்களையும் மேகசினையும் வேறு அறையில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். டி.வி, செல்போன் வேண்டாம். குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஆள் இல்லாத திசையில், மணல் நிரப்பிய வாளியை நோக்கி முனை இருக்கட்டும். சில மாடல்களில் ஸ்லைடைக் கழற்றுவதற்கு முன் டிரிகரை ஒருமுறை அழுத்தியாக வேண்டும். சுத்தம் செய்யும்போது நடக்கும் விபத்துகளுக்கு இதுவும் ஒரு காரணம். எனவே, அழுத்துவதற்கு முன் சேம்பரை இன்னொரு முறை பாருங்கள்.

வழக்கமான சுத்தத்துக்கு ஸ்லைடு, குழல், ஸ்பிரிங், அடிப்பாகம் என்று பிரித்தாலே போதும். எந்த வரிசையில் கழற்றுவது என்பது மாடலுக்கு மாடல் மாறும். கூடவே வரும் கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். ஸ்பிரிங் எகிறிக் கண்ணில் படலாம் என்பதால் கண்ணாடி அணிவது நல்லது. அதைவிட உள்ளே போய் ஸ்க்ரூவைத் திருகுவது, டிரிகரை ராவுவது எல்லாம் வேண்டாம். பழுது என்றால் லைசென்ஸ் பெற்ற ஆயுத டீலரிடம் போவதுதான் சரி. வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். வெடித்த கரியில் ஈயம் இருக்கும்.

உப்புக்காற்று ஊர்களில்

தோணிரேவு, பழவேற்காடு மாதிரி ஏரியும் கடலும் சூழ்ந்த ஊர்களில் இரும்பு எதுவும் சீக்கிரம் துருப்பிடிக்கும். படகு இன்ஜினுக்கு நடப்பதுதான் பிஸ்டலுக்கும். சுடாவிட்டாலும் அவ்வப்போது துடைத்து, மெல்லிசாக எண்ணெய் பூச வேண்டும். அதிகமாக ஊற்றினால் அழுக்கு சேர்ந்து ஸ்லைடு சிக்கும்; தோட்டாவில் எண்ணெய் இறங்கினால் அது வெடிக்காமலே போகலாம். தோல் உறை ஈரத்தை இழுக்கும் என்பதால் அதிலேயே மாதக்கணக்கில் வைக்கக் கூடாது.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். திரும்ப வாங்கும்போது 'நம்ம பிஸ்டல்தானே' என்று நினைக்க வேண்டாம். வீட்டில் வேறொருவர் கையிலிருந்து வாங்கினாலும் அப்படித்தான். முதலில் மேகசின், பிறகு ஸ்லைடு, கடைசியில் சேம்பர். பார்த்து முடிக்கும் வரை விரல் டிரிகர் பக்கம் போகவே கூடாது.