திரை ஏன் திக்குகிறது?

நின்டெண்டோ நிறுவனம் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட கேம்க்யூப், 2006இல் வெளியிட்ட வீ ஆகிய யந்திரங்களின் ஆட்டங்களை இன்றைய கணினியில் ஆடச் செய்யும் டால்ஃபின் என்னும் எமுலேட்டரைப் பயன்படுத்துவோர், ஆட்டம் சீராக ஓடிக்கொண்டிருக்கையில், புதியதொரு பிரதேசத்துள் நுழைந்த மாத்திரத்திலோ, எதிரியின் அஸ்திரம் முதன்முறை வெடித்த போதிலோ, திரை சற்றே ஸ்தம்பித்து மீள்வதைக் கண்டிருப்பார்கள். கணினியின் பலவீனமே காரணமென்று கருதிப் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கியவர்களுக்கும் அத்தடுமாற்றம் நீங்குவதில்லை.

கேம்க்யூபின் சித்திரச் சில்லு, நிறத்தையும் ஒளியையும் கலக்கும் விதத்தை 16 படிகள்வரை அடுக்கி, நினைத்த கணத்தில் மாற்றிக்கொள்ளும் சுபாவமுடையது. நம் கார்டுக்கோ, அத்தகைய ஒவ்வோர் அமைப்பும் ஷேடர் என்னும் சிறு நிரலாக எழுதப்பட்டு, டிரைவரால் அதற்குரிய பாஷையில் தொகுக்கப்பட வேண்டும். விநாடிக்கு 60 பிரேம்கள் ஓடும் ஆட்டத்தில் ஒரு பிரேமுக்குரிய அவகாசம் ஏறக்குறைய 16.7 மில்லிவிநாடி, தொகுப்பு வேலை அதனினும் பன்மடங்கு நேரம் பிடிக்கக்கூடியதாதலால், அது முடியுமளவும் ஆட்டம் காத்து நிற்கிறது.

தொகுத்த ஷேடரை வட்டில் சேமித்துவைக்கும் கேஷ், மறுமுறை அதே காட்சி வரும்போது பெரிதும் உதவும். ஆயினும் முதல் தரிசனத்தில் நேரும் தடங்கலை அது தீர்க்காது. டிரைவரைப் புதுப்பித்தாலோ, கார்டை மாற்றினாலோ, பெரும்பாலும் மீண்டும் தொகுக்கவும் நேரும்.

இச்சங்கடத்துக்கு 2017ஆம் ஆண்டில் டால்ஃபின் குழுவினர் கண்ட உபாயம் வியக்கத்தக்கது. அமைப்புகளைத் தனித்தனியே பெயர்த்துக்கொண்டிராமல், அந்தச் சில்லின் நடத்தை முழுவதையுமே பாவனை செய்யும் ஊபர்ஷேடர் என்னும் பெரிய நிரலை அவர்கள் இயற்றினர். எந்த அமைப்பு வந்தாலும் அது உடனே வரைந்துவிடும். ஆனால் கார்டுக்கு அது பெரும் பாரம். ஆகவே, தனி ஷேடர் பின்னணியில் தயாராகும்வரை மட்டும் ஊபர்ஷேடரைக்கொண்டு வரையும் ஹைபிரிட் முறையே பலருக்கும் உகந்தது. அதையும் தாங்காத கார்டாயின், இன்டர்னல் ரெசல்யூஷனைக் குறைப்பது நலம். தொகுப்பு முடியாத பொருளை வரையாமலே விட்டுச்செல்லும் முறையும் உண்டு. அதில் தடங்கல் இராது, ஆனால் காட்சியின் சில பாகங்கள் சிறிது நேரம் மறைந்திருக்கும்.

எந்த மாற்றத்தையும் செய்யுமுன், தடங்கலின் லட்சணத்தைக் கவனிப்பது அவசியம். புதிய காட்சியில் மட்டும் திக்கி, மறுமுறை அதே இடத்தில் ஆட்டம் சரளமாக ஓடினால், மாற்றவேண்டியது ஷேடர் முறையையே. எங்கும் எப்போதும் ஒரே சீராக மந்தமாக ஓடினால், கணினியின் சக்தியையும் ரெசல்யூஷனையும் பரிசீலிக்கலாம். இப்பேதத்தை அறிந்தவர், வீண்செலவின்றித் தம்மிடமுள்ள கணினியிலேயே பழைய ஆட்டங்களை நன்கு அனுபவிக்கலாம்.