எழுபது வளைவும் ஒரு வெள்ளைக் கரடும்

கொல்லிமலைக்கு ஏறுகிற காரவள்ளி அடிவாரத்தில், விடிந்தும் விடியாத நேரத்தில் டீ குடிக்க நிற்கும் சைக்கிள்காரர் யாராக இருந்தாலும் ஒரு கேள்வியிலிருந்து தப்ப முடியாது. “ஏனுங்க, செம்மேட்டுக்குத்தான் பஸ்ஸு போவுதுங்களே, எதுக்குங்க இதுல போயி கஷ்டப்படறீங்க?” கேட்பவர் கிண்டல் செய்வதில்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. வசதி இல்லாதவர் ஓட்டுவது சைக்கிள் என்று நம்பி வளர்ந்த ஊர்கள் இவை. பிளஸ் ஒன் சேர்ந்தால் அரசாங்கமே இலவசமாகத் தருகிற வண்டி அது. பழைய பைக் வாங்கும் காசைக் கொடுத்து ஒரு சைக்கிளை வாங்கி, அதை வியர்வை சொட்டச் சொட்ட மலையில் ஏற்றுகிறவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பதில் பாதையில் இருக்கிறது. காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. காரில் போகிறவருக்கு அந்தப் பலகைகள் வயிற்றைப் புரட்டும் கணக்கு. மிதிக்கிறவருக்கு அவை மைல்கல். பத்தாவது வளைவு வரை பேச்சு வரும். இருபதைத் தாண்டினால் செயின் சத்தமும் மூச்சும் மட்டும்தான். கீழே முள்ளும் புதருமாக இருந்த சரிவு மேலே போகப் போகப் பச்சை கட்டுகிறது. உச்சியை நெருங்கினால் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, இடையிடையே பலா, காப்பிச் செடி. எதிரே மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று ஜவ்வரிசி ஆலையைப் பார்த்து இறங்கி வரும். அது கடந்து போன பிறகும் பிரேக் காய்ந்த வாசனை இரண்டு வளைவுக்கு நிற்கும்.

அந்த வாசனைக்கும் மவுண்டன் பைக் என்ற வண்டியின் பிறப்புக்கும் தொடர்பு உண்டு. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே டாமல்பைஸ் மலைப்பகுதியில், சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மண் பாதையில் இறக்கி விளையாடினார்கள். 1976-இல் அதையே பந்தயமாக்கினார்கள். பின்சக்கரத்துக்கு நடுவில் இருந்த பிரேக் ஒரே இறக்கத்தில் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து தீய்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் கழற்றிப் புதிதாகக் கிரீஸ் அடைத்தாக வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர் விழுந்தது. கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், டாம் ரிட்சி போன்றவர்கள் அந்தப் பழைய வண்டியை விட்டுவிட்டு, மலைக்கென்றே புதிய வண்டிகளைச் செய்யத் தொடங்கினார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது போட்டியாகவே நுழைந்துவிட்டது. நம் ஊரில் தொண்ணூறுகளில் பையன்கள் ஏங்கிய ஹீரோ ரேஞ்சரும் ஹெர்குலஸ் எம்.டி.பி.யும் அந்த அலையின் கடைசி நுரைகள். தடித்த டயர் இருந்தது. மலைக்குத்தான் யாரும் கொண்டுபோகவில்லை.

மலை சைக்கிள் என்றால் என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். கட்டை கட்டையாகப் பல் வைத்த அகல டயர், குழியில் விழுந்தால் அமுங்கிக் கொடுக்கும் முன் ஃபோர்க், நேரான அகலக் கைப்பிடி, டிஸ்க் பிரேக், நடப்பதைவிட மெதுவாகக்கூட மிதித்து ஏற உதவும் சின்ன கியர். மண்ணிலும் சரளையிலும் போகும்போது டயரில் காற்றைக் கொஞ்சம் குறைப்பார்கள். டயர் தரையோடு அகலமாகப் படிந்து பிடித்துக்கொள்ளும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

தார் ரோட்டை விட்டு இறங்க சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இடத்துக்குப் பஞ்சமில்லை. சேலத்திலிருந்து ஓமலூர் பக்கம் ரயிலில் போனவர்கள் ஜன்னலில் பார்த்திருப்பார்கள்: சேர்வராயன் மலையின் காலடியில், சுண்ணாம்பு கொட்டிவைத்தது போல வெள்ளை மேடுகள். வெள்ளைக்காரர்கள் இதற்குச் சாக்குக்கட்டி மலை என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அங்கே சாக்குக்கட்டியும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. இருப்பது மேக்னசைட். கறுத்த பச்சைப் பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடும் வெள்ளைக் கல். அதைச் சுட்டெடுத்தால் கிடைக்கும் மக்னீசியம் ஆக்சைடு சுமார் 2,800 டிகிரி செல்சியஸ் வரை உருகாது. எஃகு உருக்கும் உலைகளின் உள்சுவருக்கு இந்தக் கல்லில் செய்த செங்கல்தான் கவசம். நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தோண்டித் தோண்டி, கரடு இருந்த இடம் குழியாகி, குழியிலிருந்து எடுத்த கழிவுக்கல் பக்கத்தில் புதுக் கரடாகி நிற்கிறது. வெள்ளக்கல்பட்டி என்று ஒரு ஊரே இருக்கிறது. பெயரைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சுற்றுவட்டார மண் பாதையில் ஒரு காலைப்பொழுது மிதித்தவரின் டயரைப் பார்த்தாலே அவர் வந்த வழியைச் சொல்லிவிடலாம். கீழே செம்மண், நடுவில் வெள்ளைத் தூள், அதன் மேல் எங்கேயோ ஓடையில் ஒட்டிய கரிசல். சேலத்துக்கு மேற்கே கஞ்சமலைப் பக்கம் போய் வந்தால் கருமை இன்னும் கூடும். அது காந்தத்தில் ஒட்டும் இரும்புக் கனிமம் கொண்ட மலை. சேலத்து இரும்புக்கல்லை நம்பித்தான் ஜே.எம். ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். மலை அடிவாரத்தில் சித்தர் கோயில். அமாவாசைக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போன பாதைகளில் இன்று சைக்கிள் போகலாம்.

அலுமினியத்துக்கும் இங்கே மலை உண்டு. சேர்வராயனின் உச்சி கூம்பாக இல்லாமல் பலகை போல் தட்டையாக இருக்கும். காலங்காலமாக மழையில் ஊறி மற்றதெல்லாம் கரைந்து போக, மிச்சம் நின்ற செம்பாறைதான் அந்தத் தட்டை. அதில் இருப்பது பாக்சைட். மேட்டூரில் 1965-இல் தொடங்கிய மால்கோ அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் அது லாரி லாரியாக இறங்கியது.

அதே உச்சியில்தான், 1,600 மீட்டரைத் தாண்டிய உயரத்தில், சேர்வராயன் குகைக்கோயில். குனிந்துதான் போக வேண்டும். உள்ளே ஈரம், எண்ணெய்ப் பிசுக்கு, விளக்கு வெளிச்சத்தில் சேர்வராயனும் காவேரியும். அந்தக் குகை தலைக்காவிரி வரை போகிறது என்று ஊரார் நம்புகிறார்கள். வெளியே வந்தால், கூப்பிடு தூரத்தில் கனிமம் எடுத்த நிலம். சாமிக்குக் குகை, ஆலைக்குக் குழி. இரண்டும் ஒரே மலையில். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, சுமார் 1,200 மீட்டர் உயரத்தைக் காலால் சம்பாதித்து, அதன் பிறகு இந்தக் குகையில் குனிகிறவருக்கு அந்தக் குளிர்ச்சியின் மதிப்பு காரில் வந்தவருக்குத் தெரிவதைவிடக் கொஞ்சம் கூடத்தான் தெரியும்.

நாமக்கல்லுக்கு வந்தால் குகையே வேறு மாதிரி. ஊர் நடுவில் நிற்கும் ஒற்றைப் பாறையின் மேற்கில் நரசிம்மர், கிழக்கில் ரங்கநாதர். எட்டாம் நூற்றாண்டு வாக்கில் அதியமான் மரபினர் குடைந்தவை. அதே உளியும் சம்மட்டியும்தான். குவாரியில் வெளியே எடுத்த கல்லுக்கு மதிப்பு, இங்கே உள்ளே விட்டுவைத்த கல்லுக்கு.

ஏற்காட்டில் மண் பாதை வேண்டுவோருக்குக் காப்பித் தோட்டங்கள் இருக்கின்றன. 1820களில் காக்பர்ன் என்ற கலெக்டர் கொண்டுவந்த பயிர் அது. தோட்டத்துப் பாதைகள் ஜீப்புக்கும் கூலியாட்களுக்கும் போட்டவை. நிழலும் வளைவும் உண்டு, சருகு மூடிய கல்லும் உண்டு. அவை தனியார் நிலம் என்பதால் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. மாலை ஐந்து மணிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. பாதையில் காட்டெருமை நிற்கும். அதற்கு மணி அடித்துப் பிரயோசனமில்லை.

காப்புக்காடு விஷயம் வேறு. 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். இது வெறும் காகித விதி என்று நினைத்தவர்கள் 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்ததை மறந்திருக்க மாட்டார்கள். மலையேறப் போன 20 பேருக்கு மேல் காட்டுத்தீயில் இறந்தார்கள். அதற்குப் பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசே 40 மலையேற்றப் பாதைகளைக் கட்டணத்தோடும் வழிகாட்டியோடும் திறந்தது. அவை நடப்பவர்களுக்கானவை. சைக்கிளுக்கு அப்படி ஒரு பட்டியல் வருமானால் கொல்லிமலையின் ஊர்களை இணைக்கும் பாதைகளுக்கு அதில் முதலிடம் தர வேண்டும். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேளூர் நாடு என்று பல ஊர்களுக்கு நாடு என்றே பெயர் வைத்துக்கொண்ட மலை அது. ஆனால் அறப்பளீசுவரர் கோயில் வாசலோடு சைக்கிளை நிறுத்திவிட வேண்டும். ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளையும் அதற்கப்பால் இருக்கும் சித்தர் குகைகளையும் கால்நடையாகவே பார்க்க வேண்டும்.

குவாரிக்கு வருவோம். கைவிட்ட குழி என்றால் நம் ஊரில் இரண்டே பொருள்: குப்பை கொட்டும் இடம், அல்லது கோடை விடுமுறையில் பிள்ளைகள் மூழ்கிச் சாகும் இடம். மூன்றாவது பொருள் ஒன்று உண்டு என்பதற்கு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் குயூனா சாட்சி. அது நம் கஞ்சமலை போல இரும்பு விளைந்த பூமி. சுரங்கங்கள் மூடியதும் குழிகளில் தண்ணீர் நின்று ஏரிகளாயின. கழிவு மண் மேடுகளில் மரம் வளர்ந்தது. 2011-இல் அந்த மேடுகளின் மேல் சுமார் 40 கிலோமீட்டருக்குச் சைக்கிள் தடம் திறந்தார்கள். சுரங்கத்தோடு படுத்துவிட்ட கிராஸ்பி என்ற சின்ன ஊரில் இப்போது டயரெல்லாம் செம்மண்ணாக வந்து இறங்குகிறவர்களை நம்பிச் சாப்பாட்டுக் கடையும் சைக்கிள் கடையும் நடக்கின்றன. ஸ்லோவேனியாவில் மெஷிட்சா என்ற இடத்தில் ஈயச் சுரங்கத்துக்குள்ளேயே, தலையில் விளக்கு கட்டி, ஐந்து கிலோமீட்டருக்கு மேல் சைக்கிளில் கூட்டிப்போகிறார்கள்.

வெளிநாட்டுக்கே போக வேண்டாம். 2023 அக்டோபரில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்தது கேரளத்தின் பொன்முடியில், ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கும் அதற்கும் சரிவில் பெரிய வித்தியாசம் இல்லை.

இதற்கிடையில் கொல்லிமலையில் ஏறியவர் இறங்கியாக வேண்டும். ஏற்றத்தில் கால் கெஞ்சும், இறக்கத்தில் விரல். எழுபது வளைவுக்கும் பிரேக்கை அமுக்கிப் பிடித்தபடியே வந்தால் கலிபோர்னியாவில் கிரீஸ் புகைந்த கதைதான் இங்கேயும்: ரப்பர் கட்டை பிரேக் என்றால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கலாம், டிஸ்க் என்றால் பிடிப்பு குறைந்துகொண்டே வரும். வளைவுக்கு முன்பே நன்றாக அமுக்கி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விரலைத் தளர்த்தி, முன்னும் பின்னும் மாறி மாறிப் பிடிப்பதே வழி. பத்து வளைவுக்கு ஒருமுறை நின்றால் வண்டியும் ஆறும், கீழே நாமக்கல் சமவெளியையும் பார்த்துக்கொள்ளலாம்.

கனிம நிறுவனங்களுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். சேலத்து வெள்ளைக்கல் குழிகளில் இனி தோண்ட ஏதுமில்லாத ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் நிற்கும் பக்கத்துக்கு வேலி போடுங்கள். கழிவுக்கல் மேட்டைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் தடம் போட அனுமதி கொடுங்கள். மண்வெட்டி பிடிக்க ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள்காரர்களே வருவார்கள்.