ஏற்ற மாவு எது?

மாணவர்களே, காங்கேயத்தில் எங்கள் தெருவிலே 9 வயதுச் சிறுவன் ஒருவன் வாழ்கின்றான். அவன் தந்தையார் வடநாட்டில் பல ஆண்டுகள் தொழில் செய்து, அண்மையில் குடும்பத்தோடு ஊர் திரும்பியவர். அந்நாட்டு வழக்கப்படி சிறுவன் நாள்தோறும் கோதுமை ரொட்டியே உண்டு வளர்ந்தான். உண்டும் உடல் தேறவில்லை. வயிறு உப்பிற்று, கைகால்கள் மெலிந்தன, ஓயாத வயிற்றுப்போக்கினால் பள்ளிக்குச் செல்வதும் அரிதாயிற்று. கோயமுத்தூர் மருத்துவர் அவன் குருதியைச் சோதித்தார். குடலின் சிறு துணுக்கை எடுத்தும் ஆராய்ந்தார். இது சீலியாக் என்னும் நோய் என்றும், வாழ்நாள் முழுதும் கோதுமையை விலக்குதலே இதற்கு மருந்து என்றும் கூறினார்.

மறுநாள் அச்சிறுவனின் அப்பத்தா என்னிடம் வந்தார். “வாத்தியாரய்யா, பையனுக்குக் கோதுமை ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அவனோ ரொட்டி வேண்டும் என்று அழுகின்றான். வேறு எந்த மாவில் சுட்டுக் கொடுக்கலாம்?” என்று கேட்டார். யான் இலக்கணம் கற்பித்தவன். மருத்துவம் கற்றவன் அல்லேன். எனினும் வினா என்னை விடவில்லை. அறிந்தோரிடம் கேட்டும் நூல்களில் படித்தும் தெரிந்துகொண்டவற்றை உங்களுக்கும் கூறுகின்றேன்.

கோதுமையில் அப்படி என்னதான் இருக்கின்றது? இதனை வீட்டிலேயே கண்டறியலாம். ஒரு பிடி கோதுமை மாவை நீர் விட்டுப் பிசைந்து உருட்டுங்கள். கால்மணி நேரம் கழித்து, அவ்வுருண்டையைத் தண்ணீரில் அமுக்கி மெல்லக் கசக்குங்கள். தண்ணீர் பால்போல் வெளுக்கும். அது மாவுப்பொருள் கரைதலால் ஆவது. நீரை மாற்றி மாற்றிக் கசக்கினால், இறுதியில் இழுத்தால் நீளுகின்ற ரப்பர் போன்ற பொருள் ஒன்று கையில் எஞ்சும். இதுவே குளூட்டன் எனப்படும் புரதம். தமிழில் பசையம் என்பர். இத்தாலி நாட்டுப் பொலோஞா நகரத்துப் பேராசிரியர் பெக்காரி என்பார் இவ்வாறு பிரித்தெடுத்த செய்தி 1745ஆம் ஆண்டில் அச்சாயிற்று. கம்பு மாவையோ அரிசி மாவையோ அவ்வாறு கசக்கிப் பாருங்கள். கையில் ஒன்றும் எஞ்சாது. ரொட்டி உப்புவதும், பரோட்டா இழைஇழையாய் விரிவதும் பசையத்தின் வேலையே.

நம்மிற் பெரும்பாலார்க்கு இப்பசையம் யாதொரு தீங்கும் செய்வதன்று. சிலருடைய உடலிலோ, நோய்க்கிருமியை எதிர்க்கவேண்டிய காவற்படை பசையத்தைப் பகையெனக் கருதிப் போர் தொடுக்கின்றது. போர்க்களமாவது சிறுகுடலின் உட்சுவர். அங்கே பட்டுத் துணியின் மயிர்போல அடர்ந்து நிற்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்குகின்றன. உணவின் சத்தை உறிஞ்சுவன அவையே. அவை மழுங்கியபின் எவ்வளவு உண்டும் பயன் என்ன? இரும்புச்சத்துக் குன்றிச் சோகை உண்டாகும். சுண்ணாம்புச்சத்துக் குன்றி எலும்பு வலுவிழக்கும்.

1888ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இந்நோயை விளக்கி எழுதி, உணவினாலேயே இது தீரவேண்டும் என்றார். எவ்வுணவினால் என்பது அவர்க்குப் புலப்படவில்லை. அதனைக் கண்டவர் ஆலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப்போருக்கு முன்னரே அவர்க்குக் கோதுமையின்மேல் ஐயம் இருந்தது. 1944–45 குளிர்காலத்தில் அந்நாட்டில் கொடும் பஞ்சம் நேர்ந்து, ரொட்டியே கிடைக்கவில்லை. ஊரெல்லாம் வாடிய அக்காலத்தும், கோதுமையைத் தவிர்த்த நோயாளிக் குழந்தைகள் நலமுற்றது அவர் கருத்துக்கு வலுவூட்டியது. தம் ஆராய்ச்சியை 1950இல் ஆய்வேடாக வெளியிட்டார். இந்தியாவிலோ இந்நோய் கோதுமை மிகுதியாக உண்ணும் வடபகுதியில் மிகுதி, தென்பகுதியில் மிகக் குறைவு என 2016இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. குறைவு என்பதனாலேயே நம் பக்கத்தில் இதனை எளிதில் ஐயுறுவதில்லை.

ஒன்று சொல்லி மேற்செல்வேன். வயிறு சற்று உப்பினால் தாமே கோதுமையை விலக்கிவிடுதல் இன்று சிலர்க்கு வழக்கமாகி வருகின்றது. கோதுமை உண்டு வருங்காலத்துச் சோதித்தால்தான் இந்நோய் குருதியில் வெளிப்படும். முன்கூட்டியே விலக்கினவர்க்குச் சோதனை பொய்யாய் முடிதலும் உண்டு.

இனி அப்பத்தாவின் வினாவுக்கு வருவோம். மாவைத் தேர்வதில் முதற்கண் பெயரைக் கண்டு மயங்கலாகாது. மைதாவும் கோதுமையே, ரவையும் பெரும்பாலான சேமியாவும் கோதுமையின் மக்களே. சம்பாக் கோதுமை பழைய தானியமாயிற்றே, அது தீங்கு செய்யுமோ என்று அப்பத்தா கேட்டார். சம்பா என்னும் பெயர் நெல்லுக்கும் உண்டாதலின் இம்மயக்கம் எளிதில் தோன்றும். பழமையினால் பசையம் நீங்கிவிடாது, அதுவும் ஆகாது. வாற்கோதுமை எனப்படும் பார்லியும் விலக்கத்தக்கதே. எல்லாவற்றினும் என்னை வியப்பில் ஆழ்த்தியது பெருங்காயம்! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ கலப்பது வழக்கம். நாள்தோறும் சாம்பாரில் இடும் ஒரு சிட்டிகை, வீட்டார் அறியாமலே சிறுவன் குடலைப் புண்படுத்தி வந்திருக்கலாம்.

விலக்க வேண்டியவற்றை விலக்கியபின், எஞ்சிய மாவெல்லாம் ஒருதன்மையவோ எனில், அல்ல. அரிசி மாவு எளிதிற் செரிப்பது; நோய் கண்ட புதிதில் புண்பட்ட குடலுக்கு இதமானது. ஆயின் தீட்டிய அரிசி 100 கிராமில் சுண்ணாம்புச்சத்து 10 மில்லி கிராம் அளவே. இரும்பு ஒரு மில்லி கிராமும் இல்லை. சேலத்துப் பக்கம் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கும் ஜவ்வரிசி மாவோ ஏறக்குறைய வெறும் மாவுப்பொருளே. பசையம் இல்லாமை ஒன்றே நற்பண்பு என்று கொண்டு இவற்றையே ஊட்டினால், சோகைப் பிள்ளை சோகையாகவே இருப்பான்.

கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுண்ணாம்புச்சத்து ஏறத்தாழ 340 மில்லி கிராம் உண்டு. கம்பில் இரும்பு 6 முதல் 8 மில்லி கிராம் வரை உண்டு. மழை அருகிய எங்கள் காங்கேய வட்டாரத்து மானாவாரி நிலங்களில் கம்பும் சோளமுமே தொன்றுதொட்டு விளைந்தன. கம்பஞ்சோறும் சோளச்சோறும் உண்டே எங்கள் முன்னோர் ஏர் பிடித்தனர். நெற்சோறு அவர்க்கு விருந்துநாள் உணவு. பின்னர்ச் சிறுதானியம் ஏழைக்குரியது என்று எண்ணும் காலம் வந்தது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபின், அதே கம்பு அழகிய பையில் அடைபட்டுக் கோதுமையினும் மிகுந்த விலைக்கு விற்கப்படுவதைக் காண்கின்றேன். கோயமுத்தூரில் 1906 முதல் இயங்கிவரும் வேளாண் கல்லூரி, 1971இல் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே உருவான கம்பு, கேழ்வரகு வகைகள் ‘கோ’ என்னும் முன்னெழுத்தோடு நம் வயல்களில் விளைகின்றன.

சிறுதானியங்களுக்கும் குறை உண்டு. அவற்றின் தோலில் உள்ள சில பொருள்கள் இரும்பையும் சுண்ணாம்பையும் உடலில் சேரவொட்டாமல் தடுக்கும். ஊறவைத்தும் முளைகட்டியும் புளிக்கவைத்தும் இத்தடையைக் குறைக்கலாம். கம்பில் எண்ணெய்ப்பசை மிகுதியாதலின் அரைத்த மாவு சில நாள்களிலேயே கசந்துவிடும். ஆகவே வேண்டிய அளவே அரைத்தல் நலம். சோளத்தின் புரதம் வேகுங்கால் இறுகிச் செரித்தற்கு அரிதாகும். புளித்த சோளமாவுத் தோசை இக்குறையை ஓரளவு போக்கும். தவிடு மிகுந்த எம்மாவையும் சிறிது சிறிதாகவே கூட்டவேண்டும் என்பது மருத்துவர் அறிவுரை. முதல் வாரத்திலேயே கிண்ணம் கிண்ணமாகக் கேழ்வரகுக் களி ஊட்டிய அப்பத்தா, அதன் விளைவைப் பேரனின் வயிற்றிலே கண்டார்.

பசையம் இல்லாத மாவு ஒட்டாதே, எப்படித் தட்டுவது? இதற்கு விடை எங்கள் நாட்டுச் சமையற்கட்டிலேயே இருந்தது. கொதிநீர் ஊற்றிக் கிளறினால் மாவுப்பொருளே வெந்து பசையாகிவிடும். களி திரள்வது அதனாலேயாம். சந்தகைக்கு அரிசியை ஊறவைத்து அரைத்து, இட்டிலியாக வேகவைத்துப் பின்னர்ப் பிழிகின்றோம். வெந்த மாவு அறாமல் நூலாக இறங்குகின்றது. கம்பு மாவையும் அவ்வாறே வெந்நீரில் பிசைந்து தட்டினால் ரொட்டி விள்ளாமல் வருகின்றது.

இவ்வளவும் செய்து இரண்டு திங்கள் கழிந்தன. சிறுவன் முகத்தில் ஒளி வந்தது. திடீரென ஒரு வாரம் பழைய நோய் மீண்டது. கோதுமை வீட்டிலேயே இல்லை, பெருங்காயமும் இல்லை. யாவரும் திகைத்தனர். இறுதியில் அப்பத்தாவே காரணத்தைக் கண்டார். கம்பு அரைக்கச் சென்ற நாளில், அரைவை நிலையத்தில் அவர்க்கு முன் நின்றவர் கோதுமை அரைத்துச் சென்றாராம்! பசையமற்ற உணவு என்று விற்பதற்கு நம் நாட்டுச் சட்டம் வகுத்த எல்லை, கிலோவுக்கு 20 மில்லி கிராம் பசையம். ஒரு கிராம் கோதுமை மாவிலேயே ஏறத்தாழ 80 மில்லி கிராம் பசையம் இருக்கும். ஆகவே ஒரு கிலோ கம்பு மாவில் கால் கிராம் கோதுமை மாவு சேர்ந்தாலே அவ்வெல்லை எட்டிவிடும். இயந்திரத்தின் வாயிலும் சல்லடையிலும் ஒட்டி நிற்பது கால் கிராமோடு நிற்குமோ? மாவின் குணத்தை எத்துணை ஆராய்ந்தும், அது அரைபட்ட இடத்தை ஆராயாமல் விட்டோம்.

அப்பத்தா பரண்மேல் கிடந்த திருகையை இறக்கினார். அதில் என்றும் கேழ்வரகும் கம்பும் அன்றிக் கோதுமை அரைத்ததில்லை என்று உறுதி கூறினார். புதிய சல்லடையும் தனி ரொட்டிக்கல்லும் வாங்கப்பட்டன. வாரத்துக்கு இருமுறை மாலையில் அவ்வீட்டுத் திருகையின் ஓசை என் திண்ணைவரை கேட்கின்றது. சிறுவன் இப்பொழுது பள்ளிக்குத் தவறாமல் செல்கின்றான். ஒப்பிட்டு மட்டும் இன்னும் கைகூடவில்லை. மைதா இல்லாத மேல்மாவு பூரணத்தைத் தாங்காமல் கல்லிலேயே கிழிந்துவிடுகின்றது. அரிசி மாவோடு ஜவ்வரிசி மாவைக் கலந்து அடுத்த நோன்பிக்குள் செய்துவிடுவேன் என்கிறார் அப்பத்தா. அதுவரை, கிழிந்தவற்றையெல்லாம் சிறுவனே உண்டு தீர்க்கின்றான்.