வாசிப்பதைக் கேட்க ஒரு காது

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பழக்கம் மணலில் தொடங்கியது. பரப்பிய மணலில் பிள்ளை ஆள்காட்டி விரலால் 'அ' போடும். போடும்போதே வாய்விட்டுச் சொல்லும். தப்பாகிவிட்டால் உள்ளங்கையால் தடவிவிட்டு மறுபடி போடும். வாத்தியார் ஒருவர்தான். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மூத்த மாணவன் ஒருவன் இருப்பான், அவன்தான் சட்டாம்பிள்ளை. பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்தெழுத்தாகச் சொல்லவைத்துக் கேட்பது அவன் பொறுப்பு. எழும்பூரில் ஆண்பிள்ளைகள் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டை விவரித்து 1797-இல் லண்டனில் ஒரு நூலும் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

அந்தத் திண்ணையை ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் அதன் பிரம்பையும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத் தண்டனையையும் மறந்துவிடக் கூடாது. பெண்பிள்ளைகள் அங்கே அபூர்வம். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. உட்கார இடம் கிடைத்த பிள்ளைக்கு மட்டும் ஒரு பெரிய நன்மை இருந்தது: அது வாசிப்பதை யாரோ ஒருவர் காதுகொடுத்துக் கேட்டார்.

விடுதலைக்குப் பின் ஊர்தோறும் பள்ளி வந்தது. காமராசர் காலத்து மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவும் எளிய வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தன. தமிழகம் செய்த மகத்தான காரியங்களில் அது ஒன்று. ஆனால் அறை நிறைந்த அளவுக்கு ஆசிரியர்கள் பெருகவில்லை. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்தார். வாசிப்பு கோரஸ் ஆனது. ஆசிரியர் ஒரு வரி சொல்வார். அறையே அதிரும்படி பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். கடைசி வரிசைப் பிள்ளையைக் கூர்ந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும். வாய் மூன்றாம் வரியில் இருக்கும். விரல் முதல் வரியிலேயே நிற்கும். பாடம் மனப்பாடமாகியிருக்கும், வாசிப்பு வந்திருக்காது. வேறொரு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தால் விழிக்கும்.

தமிழ் வாசிப்பில் பிள்ளை தடுக்கி விழும் இடங்கள் பெரியவர்களுக்குக் கண்ணில் படுவதில்லை. 'கெ' என்ற எழுத்தில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. நாக்கில் முதலில் வருவது 'க்'. 'கொ'வில் ஒரு உயிர் ஒலி மெய்க்கு முன்னும் பின்னும் பிரிந்து கிடக்கிறது. 'பக்கம்', 'பகல்', 'பங்கு' மூன்றிலும் ககரம் ஒன்றுதான், ஒலி மூன்று விதம். 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்த ஆணை 'லை', 'ணை' முதலியவற்றின் தும்பிக்கையை எடுத்து ஒரு சுமையைக் குறைத்தது. மற்றவை அப்படியே இருக்கின்றன. ஒரு பிள்ளை கொம்பில் தடுக்கும், இன்னொன்று ள, ழ, லவில். எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதைத் தனித்தனியாகக் கேட்டால்தான் அறிய முடியும்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் இந்தக் குறையை நேராகத் தொட்டது. பாய், அட்டை, கற்றல் படிகளைக் காட்டும் ஏணிப் படம், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஆசிரியர் மேசையை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார்.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, இரண்டாம் வகுப்பின் பாதியில்தான் முதன்முதலாக வகுப்பறையில் உட்கார்ந்தது. அந்த இழப்பை ஈடுகட்ட 'இல்லம் தேடிக் கல்வி'யும், 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் வந்தன. பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டார்கள். வாசிக்கக் கற்றுத்தரும் செயலிகள் அம்மா அப்பாவின் கைபேசிக்குள் நுழைந்ததும் இந்த நேரத்தில்தான். கூகுள் 2019-இல் 'போலோ' என்று இந்தியாவில் வெளியிட்டு, அடுத்த ஆண்டு 'ரீட் அலாங்' என்று பெயர் மாற்றிய செயலி தமிழிலும் கிடைத்தது. திரையில் கதை வரும், பிள்ளை உரக்க வாசிக்கும், கைபேசி கேட்கும். சரியாக வாசித்த சொல் நிறம் மாறும். தடுக்கினால், சொல்லைத் தொட்டதும் அது ஒலித்துக் காட்டும். கதையை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் தேவையில்லை.

இதை நான் மனதார வரவேற்கிறேன். படமும் பாட்டும் காட்டும் செயலிகள் எத்தனையோ உண்டு. அவற்றில் பிள்ளை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும். இங்கே பிள்ளை வாய் திறந்தாக வேண்டும். அதட்டலும் இல்லை, பக்கத்துப் பிள்ளையின் சிரிப்பும் இல்லை. கூச்சப்படும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது வகுப்பில் எழுந்து நின்று திக்கியவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இந்தக் காதுக்குச் சில விஷயங்கள் கேட்பதில்லை. திரையில் 'பூனை வந்தது' என்றிருக்கும். பிள்ளை பார்த்துவிட்டு, 'பூனை வந்துச்சு' என்று வாசிக்கும். எழுத்தைக் கூட்டி, பொருளைப் புரிந்துகொண்டு, தன் வீட்டுத் தமிழில் சொல்லியிருக்கிறது. நல்ல ஆசிரியை முகம் மலர்ந்து, "ஆமாண்டா தங்கம், வந்துச்சு. இதுல எப்படிப் போட்டிருக்குன்னு பாரு" என்று விரலை அந்த இடத்தில் வைப்பார். எழுதியிருக்கும் சொல்லையே எதிர்பார்க்கும் செயலிக்கு அது வாசிக்கப்படாத சொல். பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு தூரம் உள்ள மொழியில் இது சின்னக் குறை ஆகாது.

கை விஷயமும் அப்படியே. கண்ணாடித் திரையில் விரல் வழுக்கிக்கொண்டு ஓடும்; மணலைப் போல எதிர்த்து நிற்காது. 'இ'யின் சுழி எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்பது விரலில் பதிவதில்லை. செயலியில் ஒரு கதை முடிந்ததும் அதில் வந்த இரண்டு சொற்களைச் சிலேட்டில் எழுதவைப்பது அவசியம் என்பேன்.

பல வீடுகளில் கைபேசி ஒன்றே ஒன்று. அது அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு இரவில்தான் திரும்புகிறது. அதனால் பகலில் கேட்கும் காது பள்ளியில்தான் இருந்தாக வேண்டும். அங்கேயோ, ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் கல்வித் துறையின் செயலியில் பதிவேற்றுவதிலேயே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் தொடர்ந்து முறையிடுகிறார்கள். அந்த வேலையை அவர்கள் தலையிலிருந்து இறக்கிவிட்டால், அதே நேரத்தில் தினமும் நான்கைந்து பிள்ளைகளையாவது பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிடலாம்.