"பெட் இல்லை" என்று சொன்னால்...



நமது டிரஸ்ட்டுக்கு இரவில் வரும் போன்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஜி.ஹெச்.ல பெட் இல்லைங்கிறாங்க பாய், யார்ட்டயாவது சொல்லி வாங்கித் தாங்க."

சென்ற ரமலானில் நம் மஹல்லா பெரியவர் ஒருவருக்கு ஸஹர் நேரத்தில் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் "வார்டில் பெட் இல்லை" என்றதும், பிள்ளைகள் பதறி அவரைக் காரில் ஏற்றித் தனியார் மருத்துவமனைகளுக்கு அலைந்தார்கள். மூளையில் இரத்தக் குழாய் அடைத்தால், உறைவைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மூன்றாவது இடத்தில் ஸ்கேன் எடுத்தபோது அந்த நேரம் கடந்துவிட்டது. உயிர் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். வலது கை வரவில்லை.

வார்டில் பெட் இல்லாவிட்டாலும் அவசரப் பிரிவில் சிகிச்சை உண்டு. அங்கே வந்த வரிசை கணக்கில்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆபத்தைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். சிவப்பில் உள்ளவர் கடைசியில் வந்தாலும் முதலில் பார்ப்பார்கள். ஸ்ட்ரெச்சரில், சில நாள் தரையில் பாயில் கிடத்திக்கூட மருந்து ஏற்றுவார்கள். பார்க்க மனசு தாங்காதுதான். ஆனாலும் நோயாளியை அங்கிருந்து நகர்த்தாதீர்கள். வென்டிலேட்டர் காலியில்லை என்றால் மட்டும் விஷயம் வேறு. அப்போதும் டாக்டரிடம் பரிந்துரைச் சீட்டு வாங்கி, 108 வண்டியிலேயே செல்லுங்கள்.

மூட்டு மாற்று போன்ற, நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன்களுக்குக் காத்திருப்பு இருக்கவே செய்யும். தியேட்டரும் டாக்டர்களும் அளவோடுதான். ஆனால் நம்மவர்கள் பலர் தாமதிப்பது காகிதத்தால். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆபரேஷன் என்று சொன்ன பிறகு வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ. ஆபீசுக்கு ஓடுகிறோம். கார்டு இல்லாமல் தனியாரில் முன்பணம் கட்டிவிட்டு ஜகாத் நிதி கேட்டு வருகிறவர்களும் உண்டு. அந்தப் பணத்தில் ஒரு விதவையின் வாடகையைக் கொடுத்திருக்கலாம்.

சிபாரிசு செய்வதை நாங்கள் நிறுத்திவிட்டோம். இதில் சிலருக்கு எங்கள் மேல் கோபம். நமக்கு முன்னால் காத்திருப்பவரும் யாரோ ஒருவருக்கு வாப்பாதானே. அவருடைய ஹக்கைப் பிடுங்கித் தர எங்களுக்கு மனமில்லை.

கார்டு எடுக்காதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றுடன் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகம் வாருங்கள். வருமானச் சான்று இல்லையென்றாலும் வாருங்கள், அதற்கான மனுவை இன்ஷா அல்லாஹ் நாங்களே எழுதித் தருகிறோம்.